வேலைக்கு எப்படி வருகிறீர்கள்?

கசார்வாடி, புனே
12 ஜனவரி 2025

பிரியமுள்ள மேரி அக்காவுக்கு,

ஜெயசீலன் எழுதுவது. நானும் ஷீலாவும் நன்றாக இருக்கிறோம், குளிர்தான் விடுகிற மாதிரி இல்லை. உன் காது மெஷினைச் சரி பார்த்தார்களா? போன ஞாயிறு போனில் நீ "என்னலே, என்னலே" என்று கத்தியதில் பக்கத்து வீட்டு மராட்டிக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டார். அந்த மெஷின் விசிலடிப்பதை நிறுத்தும்வரை நமக்குக் கடிதம்தான் சரி. வாட்ஸப்பில் எழுதினால் உன் ஹாஸ்டல் பிள்ளைகள் நூற்றைம்பது பேரும் படித்து முடித்த பிறகுதான் வார்டனான உன் கைக்கு வரும்.

எங்கள் மோட்டார் சைக்கிள் கம்பெனி புகையைக் குறைக்கப் போகிறதாம். பத்து வருஷத்தில் பாதியாக்கிக் காட்டுவோம் என்று ஊரறிய வாக்குக் கொடுத்துவிட்டார்கள். கூரை முழுக்க சோலார் தகடு போட்டாயிற்று. பெயிண்ட் காய வைக்கிற அடுப்பை மாற்றியாயிற்று. இப்போது தொழிலாளிகள் வீட்டிலிருந்து வந்துபோகிற புகையையும் எண்ணுகிறார்கள். அதற்கு ஒரு ஃபாரம். வேலைக்கு எப்படி வருகிறீர்கள், எத்தனை கிலோமீட்டர் என்று இரண்டே கேள்வி. ஃபாரம் கொண்டுவந்த பெண் பெயர் வைஷு. ஔந்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம், சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. "அங்கிள், உங்க லைன்ல எல்லாரும் ஃபில் பண்ணிக் குடுப்பாங்களா?" என்று தடுமாறிக் கேட்டது. நானாயிற்று என்றேன்.

ஃபாரத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. புகையாவது மண்ணாவது! எவன் நம் கம்பெனி வண்டியில் வருகிறான், எவன் போட்டிக் கம்பெனி வண்டியில் வருகிறான் என்று கண்டுபிடிக்கிற வேலை. எங்கள் லைன் ஆட்களைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு "நம்ம கம்பெனி பைக்" என்று எழுதுங்கள் என்றேன். தூரத்தையும் கூட்டிப் போடச் சொன்னேன். பக்கத்தில் இருக்கிறவனைத்தானே ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்! ஒரு மணி நேரத்தில் நூற்றுப் பன்னிரண்டு ஃபாரமும் தயார். மற்ற லைன்காரர்களும் எங்களைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார்கள்.

வரிசையின் கடைசியில் நின்று ஒவ்வொரு வண்டிக்கும் ஹாரன் அடித்துப் பார்க்கிற வேலை எனக்கு. இருபத்தாறு வருஷத்தில் நாற்பது லட்சம் ஹாரனாவது ஆகியிருக்கும். அப்படிப்பட்டவனுக்கு எவ்வளவு மூளை பார்த்தாயா? அத்தானுக்கு உப்பைக் குறை.

உன் தம்பி
ஜெயசீலன்


தூத்துக்குடி
24 ஜனவரி 2025

அன்புத் தம்பி ஜெயாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாருக்கும் சுகம். மெஷினை மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் மூன்று வாரமாகச் சொல்கிறார், அவருக்குத்தான் நான் சொல்வது காதில் விழவில்லை. அத்தான் உப்பில்லாத குழம்பைப் பார்த்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்.

உன் மூளையை என்னவென்று சொல்ல! அந்தப் பெண் கேட்டது ஒன்று, நீ பதில் எழுதியது வேறொன்று, அதுவும் நூற்றுப் பன்னிரண்டு தடவை. இங்கே ராத்திரிக்கு எத்தனை இட்லி வேண்டும் என்று சீட்டு எழுதச் சொல்வேன். கூச்சப்பட்டு இரண்டு என்று எழுதுகிற பிள்ளை ஐந்து சாப்பிடும். மாவு போதாமல் முழிக்கிறவள் நான். அந்த வைஷு எப்படி முழிக்கப் போகிறதோ.

ஒரு நல்ல சேதி. மே மாதக் கடைசியில் லீவு போட்டு நான் புனே வருகிறேன். அத்தான் வரவில்லை. ஸ்டேஷனுக்கு ஆட்டோ, கார் ஒன்றும் வேண்டாம். உன் மோட்டார் சைக்கிளில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. நாற்பது லட்சம் வண்டியை அனுப்பிவைத்தவன் பின்னால் ஒரு தடவை ஜம்மென்று உட்கார்ந்து ஊரைப் பார்க்க வேண்டும். ஷீலாவுக்கு என்ன கொண்டுவரட்டும்? மக்ரூன் போதுமா?

உன் அக்கா
செல்வமேரி


கசார்வாடி
10 பிப்ரவரி 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. ஷீலாவுக்கு மக்ரூன் இரண்டு கிலோ வேண்டுமாம். நீ வருவதில் இரண்டு பேருக்கும் ரொம்ப சந்தோஷம். ஸ்டேஷன் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்வோம். அப்போது வெயில் கொளுத்தும், கார் சொல்லிவிடலாம்.

நீ எழுதியபடியே ஆகிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை வைஷு முகம் தொங்கிப்போய் லைனுக்கு வந்தது. "அங்கிள், போன வருஷம் உத்தேசமா போட்ட கணக்கவிட புகை மூணு மடங்கு வந்திருக்கு. ஸ்டாண்டுல தொள்ளாயிரம் வண்டிக்குத்தான் இடம் இருக்கு. ஃபாரத்துல ரெண்டாயிரத்து நானூறு பைக் வருது. எங்க நிக்குது அதெல்லாம்?" என்று கேட்டது. கசார்வாடியில் இருக்கிறவன் முப்பத்தெட்டு கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறான். எல்லாரும் மலைமேல் இருக்கிற லோனாவ்லாவிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது.

வெளியிலிருந்து ஆட்கள் ஏப்ரல் ஒன்பதாம் தேதி வந்து கணக்கைச் சரிபார்ப்பார்களாம். ஓர் இடத்தில் பொய் தெரிந்தால் மொத்த அறிக்கையிலும் கையெழுத்துப் போட மாட்டார்களாம். இந்தப் பகுதிக்கு வைஷுதான் பொறுப்பு. அதன் வேலையை நிரந்தரமாக்குகிற கடிதத்தை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எண் ஏன் இப்படி வந்தது என்று அதற்குப் புரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

அன்றைக்கு முழு அட்டவணையையும் என்னிடம் காட்டியது. தொழிற்சாலைப் புகை கொஞ்சம்தான் அக்கா. நூறில் எண்பதுக்கு மேல் நாங்கள் விற்ற வண்டிகள் ரோட்டில் விடுகிற புகை. நான் ஹாரன் அடித்து அனுப்பிய ஒவ்வொன்றும் அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது. அன்று மத்தியானம் ஹாரன் அடிக்கவே கை வரவில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

ஜெயசீலன்


தூத்துக்குடி
20 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கெல்லாம் ஒன்றுமில்லை, உன் கடிதத்தைப் படித்துத்தான் ரத்தம் கொதித்தது. அந்தப் பிள்ளை உன்னை நம்பி ஃபாரத்தைக் கையில் கொடுத்தது. நீ அதன் வேலைக்கே உலை வைத்துவிட்டு, எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாய். முதலில் போய் "நான்தான் சொல்லி எழுதவைத்தேன்" என்று சொல். மற்றதை அப்புறம் யோசிக்கலாம்.

நாற்பது லட்சம் வண்டிக்காக உட்கார்ந்து அழாதே. இங்கே விடியற்காலையில் மீன் கூடையோடு போகிறவர், எங்கள் ஹாஸ்டலுக்கு ஊசி போட வருகிற நர்ஸம்மா எல்லாரும் உங்கள் வண்டியில்தான் போகிறார்கள். நீ புகையை மட்டும் அனுப்பவில்லை. ஆனால் புகையையும் அனுப்பினாய்தான், அதையும் ஒத்துக்கொள். உன் கம்பெனி இப்போதாவது எண்ண ஆரம்பித்திருக்கிறது. எண்ணுகிறவளுக்கு நீ குறுக்கே நிற்காதே.

அது சரி, ஸ்டேஷனுக்குக் கார் எதற்கு? உன் வண்டிக்கு என்ன வந்தது? வெயில் எனக்குப் புதுசா? தூத்துக்குடிக்காரிக்கு வெயிலைக் காட்டிப் பயமுறுத்துகிறாய்.

ஷீலாவை நன்றாகச் சாப்பிடச் சொல்.

அக்கா


கசார்வாடி
4 மார்ச் 2025

அக்காவுக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மற்றபடி சுகம்.

வைஷுவிடம் சொல்லிவிட்டேன். சிரித்துவிட்டது. "அங்கிள், நீங்க லாயல்ட்டி டெஸ்ட்டுனு நெனச்சீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது. எல்லாரும் உண்மையை எழுதி, கையெழுத்துப் போட்டு, மறுபடி ஃபாரம் கொடுக்க வேண்டுமாம். என்னைப் பார்த்துத்தானே மற்றவர்கள் எழுதினார்கள், அதனால் "முதல் ஃபாரம் உங்களோடதுதான்" என்று புதிய ஃபாரத்தை என் கையில் கொடுத்தது.

அதில் ஒரு சின்னச் சிக்கல். மூன்று நாளாக ஃபாரம் சட்டைப்பையில் கிடக்கிறது.

வெங்காயம் விலை இறங்கியிருக்கிறது. பால் விலை ஏறிவிட்டது. அத்தான் நலமா?

ஜெயசீலன்


தூத்துக்குடி
12 மார்ச் 2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

அத்தான் நலம், நானும் நலம். நீதான் சரியாக இல்லை.

உன் கடிதங்களை எல்லாம் பிஸ்கட் டப்பாக்களில் போட்டு வைத்திருக்கிறேன். தவக்காலம் தொடங்கியதும் அலமாரியைச் சுத்தம் செய்தபோது எடுத்து உட்கார்ந்தேன். இருபத்தாறு வருஷக் கடிதம். வெங்காயத்தைத் திட்டியிருக்கிறாய். தக்காளியை, கேஸ் சிலிண்டரை, பாலை, வீட்டு வாடகையைத் திட்டியிருக்கிறாய். பெட்ரோலை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. இந்த நாட்டில் வண்டி வைத்திருக்கிற ஆம்பளை பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசாமல் ஒரு மாதம் இருப்பானா? உன் அத்தான் காலையில் ஜெபம் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொல்கிறார்.

ஜெயா, உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதுதானே அந்தச் சின்னச் சிக்கல்?

எப்படிடா? மோட்டார் சைக்கிள் கம்பெனியில் இருந்துகொண்டு ஏன் கற்றுக்கொள்ளாமல் இருந்தாய்? நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், எழுது.

அக்கா


தூத்துக்குடி
2 ஏப்ரல் 2025

ஜெயா,

மூன்று வாரமாகிறது. தபால்காரர் வருகிற நேரம் பார்த்து வாசலில் நிற்கிறேன். கேட்டிருக்கக் கூடாது என்றால் கேட்டதை விட்டுவிடு. நீ எதில் வேண்டுமானாலும் வா, நான் வருவது வருவதுதான். ஷீலாவுக்கும் உனக்கும் உடம்பு சரிதானே? அதை மட்டுமாவது எழுது.

அக்கா


கசார்வாடி
6 ஏப்ரல் 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

இரண்டு பேருக்கும் உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. உன் பெட்ரோல் கண்டுபிடிப்பைப் படித்துவிட்டு ஷீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆமாம் அக்கா, எனக்கு ஓட்டத் தெரியாது. தினம் ஒன்பது கிலோமீட்டர் சைக்கிளில் போகிறேன். கம்பெனி கேட்டுக்கு ஒரு பர்லாங் முன்னால் கோவிந்தராஜன் என்று நம் ஊர்ப் பக்கத்துக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். சைக்கிளை அங்கே உள்ளே விட்டுவிட்டு, ஆணியில் மாட்டியிருக்கிற ஹெல்மெட்டை எடுத்துக் கையில் பிடித்தபடி நடந்து போவேன். சேர்ந்த முதல் நாள் ஃபோர்மேன், எந்த வண்டி ஓட்டுகிறாய் என்று கேட்டார். சுற்றி எல்லாரும் நின்றார்கள். வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டேன். அப்புறம் அந்தப் பொய்யோடு இருபத்தாறு வருஷம் நடந்தேன். அந்த ஹெல்மெட் என் தலைக்குப் பொருந்துமா என்பதே எனக்குத் தெரியாது.

ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று கேட்டிருந்தாய். உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். உனக்குக் கல்யாணமான புதிதில் அத்தானின் புது வண்டியை எடுத்து, உன்னைப் பின்னால் உட்காரவைத்து பீச் ரோட்டில் ஓட்டினேனே. எனக்குப் பத்தொன்பது வயது. எதிரே தண்ணீர் லாரி வந்தது, வண்டி ஆடிச் சாய்ந்தது, எழுந்து பார்த்தால் நீ ரோட்டில் கிடந்தாய். மணிக்கட்டு உடைந்துபோனது. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று அத்தானிடம் சொல்லி என்னைக் காப்பாற்றினாய். அதன்பிறகு எந்த வண்டியில் ஏறினாலும் பின்னால் நீ விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஓட்டுவதையே விட்டுவிட்டேன். உன்னைக் கீழே போட்டவன் நான் என்று எப்படி எழுதுவது? அதனால்தான் இத்தனை நாள்.

இனி நல்ல சேதி. ஷிப்ட் தொடங்குமுன் லைனில் ஐந்து நிமிஷம் கூடி நின்று பாதுகாப்பு உறுதிமொழி வாசிப்போம், ஆளுக்கொரு நாள். மார்ச் இருபத்தேழாம் தேதி என் முறை. வாசித்து முடித்தும் நான் நகரவில்லை. எனக்குத் தெரிந்த மராட்டியில் போட்டு உடைத்துவிட்டேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, நான் சைக்கிளில் வருகிறேன், ஃபாரத்தில் பொய் எழுதச் சொன்னது தப்பு என்றேன்.

பிறகு பிரேக் பார்க்கிற கேஷவ் கையைத் தூக்கினான். "ஜயா பாவு, நான் என் பெண்டாட்டி ஸ்கூட்டர் பின்னாடி உக்காந்து வர்றேன். அதுவும் போட்டிக் கம்பெனி ஸ்கூட்டர்! தெரு மூலையிலேயே எறங்கிடுவேன்" என்று மராட்டியில் கத்தினான். பாவு என்றால் அண்ணன். டேங்க் மாட்டுகிற சேஷு, தாபோடியிலிருந்து லோக்கல் ரயிலில் வருகிறானாம். அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்கள். அன்றைக்கு லைன் நாலு நிமிஷம் தாமதமாக ஓடியது. சேதி மத்தியானத்துக்குள் மற்ற லைன்களுக்கும் போய்விட்டது.

கேள், இதுதான் உச்சம். கோவிந்தராஜன் பட்டறையில் என்னைப் போலவே சைக்கிளை ஒளித்து வைக்கிறவர்கள் இன்னும் மூன்று பேர். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல் நாலு பேரையும் நாலு நேரத்துக்கு வரவழைத்து அந்த மனிதர் காப்பாற்றியிருக்கிறார்!

இப்போது கணக்கில் சைக்கிள் அறுபத்தொன்று, நடந்து வருகிறவர்கள் நூற்று நாற்பது. மொத்தப் புகை போன வருஷத்தைவிடக் குறைவு. புதன்கிழமை சரிபார்க்க வருகிறார்கள். வைஷுவுக்காக ஜெபம் பண்ணு.

என்மேல் வருத்தப்படாதே.

உன் தம்பி
ஜெயசீலன்


தூத்துக்குடி
16 ஏப்ரல் 2025

என் தம்பி ஜெயாவுக்கு,

எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை, இதை எழுதி முடித்தால் சரியாகிவிடும். ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும். சாமியாரிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

நீ என்னைக் கீழே போடவில்லை. நான் குதித்தேன்.

லாரியைப் பார்த்ததும் பயந்து, கண்ணை மூடிக்கொண்டு வண்டியிலிருந்து குதித்துவிட்டேன். நான் குதித்ததால்தான் வண்டி ஆடியது. நீ ஒழுங்காக ஓரமாகத்தான் ஓட்டினாய். கல்யாணமாகி ஒரு மாதம், பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, ஊரே பார்க்க ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தவள் என்று பெயர் வாங்க எனக்கு வெட்கம். அதனால்தான் குளியலறை என்றேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன், உன்னை இல்லை. நீ "என்னாலதானக்கா" என்று அழுதபோது இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

பிறகு நீ மோட்டார் சைக்கிள் கம்பெனியில் சேர்ந்தாய், ஜோராக வண்டி ஓட்டுகிறேன் என்று எழுதினாய். சரி, பயல் மறந்துவிட்டான், இனி எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். உன் பொய்யை நான் நம்பினேன், என் பொய்யை நீ நம்பினாய். முப்பத்தொரு வருஷம்டா! நினைத்தால் அழுகையாக வருகிறது. இந்த அக்காவை மன்னித்துக்கொள்.

அத்தானிடமும் நேற்றுச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அந்த டேங்க்ல இருந்த நசுங்கல் அன்னைக்கு வந்ததுதானா?" என்று கேட்டார். அவருக்கு அவர் கவலை.

நீ லைனில் நின்று சொன்னாய் பார், அதை நினைத்து ஹாஸ்டல் முழுக்க எனக்குத் தம்பி இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். வைஷு விஷயம் என்ன ஆயிற்று?

மேரி அக்கா


கசார்வாடி
3 மே 2025

என் அருமை அக்காவுக்கு,

எல்லாரும் சுகம், சுகத்துக்கு மேலே சுகம். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு மணி நேரம் ஷீலாவிடமே பேசவில்லை. பிறகு பட்டுச் சேலையோடு நீ குதிப்பதை நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை, சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதேவிட்டேன். மன்னிக்கவெல்லாம் ஒன்றுமில்லை. என் நெஞ்சிலிருந்து ஒரு பாரத்தை இறக்கிவிட்டாய். மறுநாளே போய் எல்.எல்.ஆருக்கு எழுதிக் கொடுத்தேன். ஷீலா பயிற்சிப் பள்ளிக்கே வந்து நின்று வேடிக்கை பார்க்கிறாள்.

வைஷுவின் கணக்கு தேறிவிட்டது. சரிபார்க்க வந்தவர்கள் அறுபத்தொரு சைக்கிளையும் நேரில் எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். வேலை நிரந்தரம். பெட்டி நிறையப் பேடா கொண்டுவந்து லைன் முழுக்கக் கொடுத்தது.

மே ஒன்றாம் தேதி கம்பெனியில் குடும்ப விழா. வேலைக்குப் புகையில்லாமல் அதிக வருஷம் வந்தவருக்குப் பரிசு என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினால், பரிசு என்ன தெரியுமா? மோட்டார் சைக்கிள்! எங்கள் கம்பெனியில் மே தின முதல் பரிசு எப்போதும் அதுதான், யாருமே யோசிக்கவில்லை. வைஷு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டது. ஜெயித்தவர் அந்த வண்டியில் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது இங்கே வழக்கம். எனக்கு அதுவரை எட்டு நாள் பயிற்சிதான். கேஷவ் ஒரு பக்கம், சேஷு ஒரு பக்கம் ஓடிவர, முதல் கியரிலேயே சுற்றினேன். இரண்டு தடவை நின்றுபோனது. இரண்டாயிரம் பேர் கத்தினார்கள். பின்னால் ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை அக்கா.

நேற்றும் சைக்கிளில்தான் போனேன். பட்டறையில் நிறுத்தவில்லை, நாலு பேரும் ஒன்றாக கேட்டுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போனோம். பட்டறை வெறிச்சென்று ஆகிவிட்டது என்று கோவிந்தராஜன் குறைப்படுகிறார். இனிமேலும் வேலைக்கு சைக்கிள்தான். முன்னே பயத்தில் மிதித்தேன், இப்போது தெரிந்தே மிதிக்கிறேன்.

இருபத்து மூன்றாம் தேதி லைசென்ஸ் டெஸ்ட். இருபத்தெட்டாம் தேதி உன் ரயில். தேறிவிட்டால் புது வண்டியில் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன், அந்த ஒரு பயணத்தின் புகையை என் பெயரில் எழுதிக்கொள்ளும்படி வைஷுவிடமும் சொல்லிவிட்டேன். நீ தைரியமாகப் பின்னால் ஏறி உட்கார். குதிக்க வேண்டும் போல இருந்தால் தோளில் ஒரு தட்டுத் தட்டு, நிறுத்திவிடுகிறேன்.

உன் தம்பி
ஜெயசீலன்